பாறைக்கு எந்தப் பக்கம் வானம்

நாற்பதடிக் கிணற்றின் அடியில், முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு, ஒரு பாறையைத் தண்ணீர் தொட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். தூங்கி எழுந்த பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுவதுபோல, உள்ளங்கையால், மெதுவாக.

மேலே கிழக்குக் கரையில் கிணற்றுச் சொந்தக்காரர் சுப்பையா, தன் வீட்டு நிலைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். மேற்கே சாயத் தொடங்கியிருந்த வெயிலை வாங்கி உள்ளே திருப்பிக்கொண்டிருந்தது அந்தக் கண்ணாடி. கதவகலம் வெளிச்சம். அவர் கை மாற்றிப் பிடித்தபோதெல்லாம் பாறைமேல் வெளிச்சமும் ஆடியது.

மூக்கையா அந்தப் பாறைக்குப் பின்னால் இருந்தான். அல்லது அதற்கு இடப்பக்கம், ஏழெட்டடி தள்ளி, சரிந்து கிடந்த மணலுக்குப் பின்னால் இருந்தான். இரண்டில் எது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஏலே கல்லுப்பொறுக்கி, என்னலே கல்லக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்க?" என்றார் பெரியசாமி மேஸ்திரி. கிணறு வெட்டும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். "அவன் உள்ள மூச்சு முட்டிக் கெடக்கான்."

"ஒரு நிமிசம் மேஸ்திரி. இதுக்கு மேல்பக்கம் எதுன்னு பாக்கேன்."

"மேல்பக்கம் மேலதாம்லே இருக்கும்."

சுற்றி நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டான்.

கூடை இழுக்க வந்தவன்

தூத்துக்குடி உப்பளத்தை விட்டு, காலில் புண்ணோடு லாரி ஏறியதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதற்கு இரண்டு மூன்று வருடங்கள் கழித்து நடந்தது இது. நடுவில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். இந்தப் பத்திரிகையில் வரிசையாக எழுதும்படி கேட்டார்கள், என் வாழ்க்கை வரிசையாக நடக்கவில்லை.

எந்த ஆண்டு என்று கேட்டால் தெரியாது. ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கியிருக்கலாம். மழை இல்லாமல் போன இரண்டாவது கோடை என்பது நிச்சயம். ஆமத்தூரில் டீக்கடைக்குப் போனால், உட்கார்ந்ததும் தண்ணீர் டம்ளர் வைக்கிற பழக்கத்தை அந்தக் கோடையில் நிறுத்தியிருந்தார்கள். கேட்டால்தான் தருவார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும்.

அந்த ஊருக்கு மேற்கே, பழைய ஆற்றுப் படுகையை ஒட்டி சுப்பையாவின் நிலம் இருந்தது. பருத்தியும் மிளகாயும் போடுகிற குடும்பம். கிணற்றில் தண்ணீர் வற்றி, அடியில் ஒரு பித்தளைப் பானை அளவுதான் ஊறியது. கிணற்றின் அடியிலிருந்து ஆற்றுப் பக்கமாக, மேற்குச் சுவரில் படுக்கைவாட்டில் ஒரு சுரங்கம் குடைந்தால் ஊற்று கிடைக்கும் என்று மேஸ்திரி சொன்னார். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். மேலே நின்று மண் கூடை இழுக்கிற வேலை. சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

சுரங்கத்துக்குள் போய்க் குடைகிறவன் மூக்கையா. ஒடிசலான ஆள். தோளைச் சுருக்கிக்கொண்டு எந்தப் பொந்திலும் நுழைவான். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அகலமாகிவிடுவான் என்று கேலி செய்வார்கள். முதல் நாள் என் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தவன் அவன்தான். உள்ளே இரண்டு வேட்டி, ஒரு சட்டை, மீதி எல்லாம் கல்.

"என்னண்ணே இது, ஊர் ஊருக்குக் கல்லக் களவாண்டுட்டு வாரீகளா?"

அன்றிலிருந்து எனக்குக் கல்லுப்பொறுக்கி என்று பெயர்.

சாக்கு மூட்டைச் சத்தம்

அன்றைக்குக் காலையில் மூக்கையா சுரங்கத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நான் மேலே கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். இடி மாதிரியெல்லாம் சத்தம் வரவில்லை. நனைந்த சாக்கு மூட்டையைத் தரையில் போட்டால் வருகிற சத்தம், அவ்வளவுதான். காலடியில் ஓர் அதிர்வு. பிறகு கிணற்றிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை எழுந்து வந்தது.

எட்டிப் பார்த்தோம். மேற்குச் சுவரில் பாதி உயரத்திலிருந்து ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்திருந்தது. சுரங்கத்தின் வாய், வாயருகே சாத்தியிருந்த ஏணி, அடையாளத்துக்கு நட்டிருந்த குச்சி எதுவும் இல்லை. மண்ணும் சுண்ணாம்பேறிய சுக்கான் கல்லும் மணலும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. சுவரே வேறு சுவராகத் தெரிந்தது.

இறங்கிப்போய்க் காதை வைத்துக் கேட்டோம். உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி இரண்டு. அதோடு சரி.

உயிரோடு இருக்கிறான். ஆனால் கிணற்றுக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. இடப்பக்கம் என்றான் ஒருவன். நேரே என்றான் இன்னொருவன். எனக்கு என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததுபோல இருந்தது.

இன்னொரு விஷயத்தை எல்லோரும் நினைத்தோம், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முந்தின நாள்தான் சுரங்கத்துக் கோடியில் ஊற்றுக்கண் திறந்திருந்தது. சுப்பையா சந்தோஷத்தில் எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்திருந்தார். இப்போது அந்தத் தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை.

ணங் என்றால் தாய்ச்சுவர்

மதியம் தாண்டும் வரை மண்ணை வாரினோம். சொந்தக்காரர் வேலைக்காரர் என்றில்லாமல் சுப்பையாவும் கூடை பிடித்தார். வார வார, நேர் எதிரே தட்டையாக ஒரு பாறை முகம் தெரிந்தது. வண்டிச் சக்கரத்துக்குச் சற்று அதிகமான அகலம். மேலேயும் இரு பக்கமும் மண் மூடியிருந்ததால் அது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

மேஸ்திரி கடப்பாறையின் முனையால் அதைத் தட்டினார். ணங் என்றது.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு இது ஒரு சட்டம். சரிந்து விழுந்த கல் 'பொத்' என்று சொல்லும். பூமியோடு ஒட்டியிருப்பது 'ணங்' என்று சொல்லும். ஒட்டியிருப்பதைத் தாய்ச்சுவர் என்பார்கள். தாய்ச்சுவரில் கைவைக்கவே மாட்டார்கள். அவர்கள் உயிர் அந்தச் சத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. எத்தனையோ கிணறுகளில் அது பொய் சொன்னதில்லை.

"தாய்ச்சுவரு" என்றார் மேஸ்திரி. "அப்பச் சொரங்கம் இங்கன இல்ல. எடப்பக்கம் அந்த மணலுக்குப் பின்னாடி இருக்கு. அங்கன தோண்டணும்."

இடப்பக்க மணலுக்கு நேர் மேலே, பிய்ந்த சுவரின் விளிம்பு தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் இருக்கிற மணலை எடுத்தால் அது இறங்கும். இறங்கினால் தோண்டுகிறவனும் போவான், மூக்கையா இருக்கிற சுரங்கத்தின் வாயும் நிரந்தரமாக அடைபடும். மேஸ்திரிக்கு அது தெரியும். அதனால்தான் தானே இறங்கித் தோண்டுவதாகச் சொல்லி, வேட்டியை இறுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பயந்தவர் என்றோ பிடிவாதக்காரர் என்றோ நான் எழுதினால் அது தவறு.

எனக்கு அந்தப் பாறையில் ஏதோ உறுத்தியது. அடுக்கடுக்காக, மட்டமாக, சுவரில் இருப்பதுபோலத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணுக்கு ஒவ்வவில்லை. அதனால்தான் கழுவத் தொடங்கினேன்.

என்னைவிடச் சின்னவர்

இந்த உறுத்தல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

கிணற்றுக்கு வருவதற்கு முன் ஒன்றரை வருடம், சுண்ணாம்புக்கல் தேடி அலைந்த ஒரு சர்வே கூட்டத்தில் மூட்டை தூக்கினேன். சுத்தியல், கல் சாக்கு, தண்ணீர்க்குடம், அரிசி, எல்லாம் என் முதுகில். அதில் கல் பார்க்கிறவர் ரங்கநாதன். சென்னையில் படித்தவர். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். வெயிலில் மூக்கு உரிந்து, எப்போதும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார். முள் குத்தினால் எடுக்கத் தெரியாது, நான்தான் எடுத்துவிடுவேன்.

அரியலூர்ப் பக்கம் ஓர் ஓடையில் கல்லடுக்குகளை வரைந்துகொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன். "ஒவ்வொரு கல்லுக்கும் அம்பு போடுதீகளே, அது எதுக்கு?"

"இது உருவானப்ப வானம் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு குறிக்கிறேன் அண்ணே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. மண்ணும் மணலும் தண்ணீரில் படிந்து படிந்துதான் இந்தக் கல் ஆனது, முதலில் படிந்தது அடியில், பிறகு படிந்தது மேலே என்றார். பிறகு பூமி அதை நெளிக்கும், மடிக்கும், சில இடங்களில் புரட்டியே போட்டுவிடும். புரண்டது தெரியாமல் கணக்குப் போட்டால், அடியில் இருப்பதை மேலே தேடிக்கொண்டு, மேலே இருப்பதற்காகக் குழி தோண்டிக்கொண்டிருப்போம். அதனால் கல்லிடமே கேட்க வேண்டும்.

கல் எப்படிச் சொல்லும் என்பதற்கு அவர் இரண்டு மூன்று வழிகள் காட்டினார். வெள்ளம் வந்து வடியும்போது கனமான கூழாங்கல் முதலில் விழும், பிறகு மணல், கடைசியில் வண்டல். ஆகவே பெரிசு இருக்கிற பக்கம் கீழ், நைசு இருக்கிற பக்கம் மேல். இது எனக்குப் பிடித்துப்போனது. மறுநாளே ஓடையில் கிடந்த ஒரு பாறையைப் பார்த்து, இது தலைகீழ் என்று அறிவித்தேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இல்லை, இது நேராகத்தான் இருக்கிறது என்றார். வெள்ளம் சில நேரம் வண்டல்மேலேயே கூழாங்கல்லைக் கொட்டிவிட்டுப் போகுமாம்.

"ஒரே சாட்சிய வெச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க அண்ணே. ரெண்டாவது சாட்சி கிடைக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

இரண்டாவது சாட்சியை அவருக்குக் காட்டியது நான். அவருக்கு அது புத்தகத்தில் படமாகத்தான் தெரியும். தாயில்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய் வற்றிக் கிடந்தது. உள்ளே கூட்டிப்போய், பாளம் பாளமாக வெடித்த தரையைக் காட்டினேன். ஒரு வெடிப்பை மண்வெட்டியால் குறுக்கே வெட்டினேன். மேலே வாய் அகலம், கீழே போகப் போக ஒடுங்கி, கடைசியில் ஊசி முனை. காற்றில் வந்த மணல் அதற்குள் விழுந்து நிறைந்திருந்தது. கறுப்பு மண்ணுக்குள் வெள்ளை ஆப்பு அடித்தது மாதிரி.

ரங்கநாதன் மண்டிபோட்டு அதை வெகுநேரம் பார்த்தார். "இது பொய் சொல்லாது அண்ணே" என்றார். "வெடிப்பு மேலேருந்துதான் ஆரம்பிக்கும். மணல் மேலேருந்துதான் விழும்."

அந்தக் கூட்டம் கலைந்து அவர் ஊருக்குப் போனபோது, எனக்குத் தன் பழைய தொப்பியைக் கொடுத்தார். அது தலையில் நிற்காமல் ஒரு வாரத்தில் காற்றோடு போய்விட்டது. கற்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

முதல் சாட்சி, இரண்டாம் சாட்சி

கிணற்றுக்குத் திரும்புகிறேன்.

சேறு கழுவப்பட்ட இடத்தில் அடுக்குகள் தெரிந்தன. ஒரு முழ உயரத்துக்கு ஒரு வெள்ளத்தின் படிவு. அதில் கூழாங்கற்கள் மேலே இருந்தன. அதற்குக் கீழே பருமணல், அதற்கும் கீழே பொடிமணல். அதுதான் உறுத்தியிருக்கிறது.

பெரிசு மேலே. அப்படியானால் தலைகீழ். அப்படியானால் இது தாய்ச்சுவர் இல்லை, மேலேயிருந்து குட்டிக்கரணம் அடித்து வந்து சுரங்க வாயில் சரியாக உட்கார்ந்த துண்டு. சுண்ணாம்பு ஏறி இறுகியதாலும், இடுக்கில் அழுந்திச் செருகிக்கொண்டதாலும் ணங் என்கிறது.

வாயைத் திறக்கப் போனேன். அரியலூர் ஓடை நினைவு வந்தது. அங்கே என் தவறு ஒரு புத்திமதியோடு போயிற்று, இங்கே ஓர் உயிர் போகும்.

"மொதலாளி, கண்ணாடியக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ங்க" என்று மேலே கத்தினேன்.

வெளிச்சம் நகர்ந்தது. இன்னும் கழுவினேன். கழுவக் கழுவ விரல் நுனி தோலுரிந்தது. பொடிமணலுக்கும் கீழே, அடுத்த அடுக்கில், இறுகிய வண்டலுக்குள் வெள்ளையாக ஓர் ஆப்பு. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக நான்கைந்து. எல்லாவற்றின் கூரும் மேலே பார்த்திருந்தது. அகலமான வாய் கீழே.

வானம் என் காலடியில் இருந்தது.

"மேஸ்திரி, இது தாய்ச்சுவரு இல்ல. பெரண்டு விழுந்த கல்லு. இதுக்குப் பின்னாடிதான் சொரங்கம்."

"ணங்குங்குது, ஒனக்குக் கேக்கலையா?"

"கேக்குது. ஆனாக் கல்லு கவுந்து கெடக்கு."

"நா பொறந்ததுலருந்து கெணத்துக்குள்ள கெடக்கேன். நீ ஒம்பது நாளு. தாய்ச்சுவர உருவுனா மேக்குச் சுவரு மொத்தமும் உக்காந்துரும்லே. எல்லாரையும் சேத்துப் பொதைக்கச் சொல்றியா?"

அவர் சொன்னதும் நியாயம். நான் நினைப்பது தப்பாக இருந்தால் அதுதான் நடக்கும்.

"சின்னதா ஒரு வெடி வச்சு ஒடச்சுப் பாத்துருவமா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"உள்ள ஆளு இருக்கான்ல" என்று மேலேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "வெடின்னா என்னன்னு எங்கிட்டக் கேளுங்க."

வெள்ளிக் கை

மூக்கையாவின் மனைவி சீனியம்மாள். சிவகாசி ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. சைக்கிளில் ஆள் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். கை கழுவக்கூட நில்லாமல் வந்திருக்கிறாள். முழங்கைவரை அலுமினியப் பொடி, வெள்ளிக் கை மாதிரி மின்னியது. அழவில்லை. அழுதுவிட்டு வந்திருந்தாள் என்பது கன்னத்தில் ஓடியிருந்த வெள்ளிக் கோட்டில் தெரிந்தது.

பெரியசாமி மேஸ்திரியின் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றுக்குள் ஆள் மாட்டினால், எந்தப் பக்கம் தோண்டுவது என்று அவன் வீட்டாளை ஒரு வார்த்தை கேட்காமல் கடப்பாறையை எடுக்க மாட்டார்கள். நாளைக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்பதற்காக. கேட்பது பெரும்பாலும் பேருக்குத்தான். வீட்டாள் 'நீங்க பாத்துச் செய்ங்க' என்று சொல்லிவிடுவார்கள்.

மேஸ்திரி மேலே பார்த்துக் கேட்டார். "தாயி, எடப்பக்கம் தோண்டப் போறேன். சரிதான?"

"அந்தண்ணன் வேற சொல்றாகளே மாமா."

"அவன் கல்லுப்பொறுக்கி. கூறு கெட்டுப் பேசுறான்."

"நா எறங்கி வாரேன்."

யாரும் தடுக்கவில்லை. சுவரில் வெட்டியிருந்த படிகளில் கால் வைத்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். என் பக்கத்தில் சேற்றில் நின்று, "சொல்லுங்கண்ணே, எத வச்சுச் சொல்றீக?" என்றாள்.

வெள்ளமும் வண்டலும் சொல்ல நேரமில்லை. வெள்ளை ஆப்புகளைக் காட்டினேன். "தரை வெடிச்ச வெடிப்பு இது. உள்ள மணல் நெறஞ்சுருக்கு. கூரு மேல நிக்கி, வாய் கீள இருக்கு பாருங்க."

அவள் ஒன்றின்மேல் விரலை வைத்து, கூரிலிருந்து வாய்வரை தடவினாள். விரல் போன வழியில் வெள்ளி படிந்தது. அடுத்ததையும் தடவினாள்.

"மாமா" என்றாள். குரல் மாறியிருந்தது. "புஸ்வாணம் அடுக்கி வச்சாப்புலல்ல இருக்கு."

"அதுக்கு?"

"கடைல கூரு மேல இருக்கும். நாங்க மருந்து போடையில கூரு கீள இருக்கும். கவுத்து நிறுத்தி, அகல வாய் வழியாத்தான் போடுவோம். பெறகு அடியில மண்ண வச்சு அடச்சுட்டு நிமுத்துவோம். கூரு வழியா உள்ள எதையும் போட முடியாது. ஒரு நாளைக்கி எம்புட்டுப் போடுறேன், எனக்குத் தெரியாதா?"

மேஸ்திரி கடப்பாறையைச் சேற்றில் ஊன்றினார்.

"இதுலயும் மணலு அகல வாய் வழியாத்தான போயிருக்கணும். அப்ப வாய் மேல இருந்துருக்கு. இப்பக் கீள இருக்கு. கல்லு கவுந்துருச்சு மாமா." பிறகு மெதுவாகச் சொன்னாள். "எம் புருசன் இதுக்குப் பின்னாடி இருக்காரு. இங்கன எடுங்க."

நான் அவளுக்குச் சொன்னது பாதிதான். மீதியை அவளே முடித்துவிட்டாள். ஒன்றரை வருடம் கல் சுமந்து நான் கற்றது அவள் கையில் முன்பே இருந்தது.

மேஸ்திரி அந்த ஆப்புகளைப் பார்த்தார். கடப்பாறையால் மறுபடி தட்டினார். ணங். தலையை ஆட்டினார். வாழ்நாள் முழுக்க நம்பிய சத்தம், அது ஒரு பக்கம். வீட்டாள் சொன்ன சொல், அது இன்னொரு பக்கம்.

"தப்பாப் போனா?" என்றார்.

"எஞ் சொல்லு மாமா. ஒங்க மேல இல்ல."

வடம்

அதற்குப் பிறகு அவர் மேஸ்திரியாகவே இருந்தார். ஒரு முறை முடிவு எடுத்தபின் இரண்டு மனதாக வேலை செய்கிற ஆள் அல்ல.

எல்லோரையும் மேலே ஏற்றினார். தானும் நானும் மட்டும் கீழே. "நீ சொன்ன கல்லு. நீ இருலே" என்றார். சீனியம்மாளையும் மேலே போகச் சொன்னார். அவள் ஏறுமுன் பாறைமேல் முழுக் கையையும் வைத்து, ஒரு கணம் நின்றுவிட்டுப் போனாள்.

பாறைக்கு மேலிருந்த மண்ணை இரண்டு பேரும் கையாலேயே விலக்கினோம். மண்வெட்டி போட்டால் அதிரும். பிடி பிடியாக எடுத்தோம். மேஸ்திரியின் கை திடீரென்று நின்றது.

"விளிம்பு" என்றார்.

பாறை முடிகிற விளிம்பு. தாய்ச்சுவருக்கு விளிம்பு கிடையாது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் மூச்சை நீளமாக விட்டார். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

சங்கிலியைச் சுற்றிக் கட்டினோம். கிழக்குக் கரையில் இருந்த கமலை வடத்தில் அதை மாட்டினோம். தண்ணீர் இறைக்கிற இரண்டு ஜோடி மாடுகளையும் பூட்டச் சொன்னார். சுப்பையா கண்ணாடியைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டு, மாட்டின் மூக்கணாங்கயிற்றைத் தானே பிடித்தார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கடப்பாறையைச் செருகி ஒதுங்கி நின்றோம்.

"மெதுவா மொதலாளி. எரும கன்னு போடுற மாதிரி. இளுக்கக் கூடாது, வரணும்."

மாடுகள் சரிவில் இறங்கின. வடம் முறுகிக் கிறீச்சிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாறை ஒரு விரல்கடை அசைந்தது. ஒரு சாண். அப்புறம் தானாகவே மனம் வந்ததுபோல முன்பக்கமாகச் சாய்ந்து சேற்றில் விழுந்தது. மேற்குச் சுவர் நின்றது. கொஞ்சம் மண் உதிர்ந்தது, அவ்வளவுதான்.

பின்னால் கறுப்பாக ஓர் இடைவெளி. அதிலிருந்து குளிர்ந்த தண்ணீர் கால்மேல் பாய்ந்தது. கண்ணாடி வெளிச்சம் ஆடி ஆடி அதற்குள் நுழைந்தது.

"யாருலே அது" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "வெளிச்சத்த மூஞ்சியிலயே அடிக்கிறது."

மேஸ்திரி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் இருக்கிற பக்கம்

மூக்கையாவை வெளியே இழுத்தபோது மார்வரை நனைந்திருந்தான். ஒரு கால் கட்டைவிரல் நசுங்கியிருந்தது. மற்றபடி முழுசாக இருந்தான். தட்டுவதை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, கடப்பாறை தண்ணீருக்குள் விழுந்துவிட்டது, குனிந்து எடுத்தால் மூக்கில் தண்ணீர் ஏறியது, விட்டுவிட்டேன் என்றான்.

சீனியம்மாள் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தோளிலும் முதுகிலும் தலையிலும் வெள்ளி வெள்ளியாகக் கைரேகை விழுந்தது. "தீவாளிக்குச் செஞ்ச பொம்ம மாதிரி ஆக்கிட்டியே" என்று முனகினான். அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னால், நன்றாக அழுதாள். யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது தேவையாக இருந்தது.

கல் கவிழ்ந்து கிடந்த கதையை அவனுக்குச் சொன்னார்கள். கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டான்.

"மேல கீள கண்டுபிடிக்க இம்புட்டுப் பாடா? எனக்குக் கல்லெல்லாம் வேண்டியதில்லண்ணே. தண்ணி மொதல்ல முட்டியத் தொட்டுச்சு. பெறகு இடுப்பு. பெறகு நெஞ்சு. எது மேலன்னு நல்லாத் தெரிஞ்சு போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

நான் இன்னொரு முறை கீழே இறங்கினேன். சாய்ந்து விழுந்ததில் பாறையின் அடிப்பக்கம் வெளியே தெரிந்தது. ஓடுகிற தண்ணீர் மணல்மேல் போட்ட நெளிநெளிக் கோடுகள். அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னக் குழிகள், தூறல் விழுந்த தடம். எந்தக் காலத்து மழையோ. அந்தக் கோடை முழுவதும் நான் பார்த்த ஒரே மழைத்தடம் அதுதான். மூன்றாவது சாட்சி. இனித் தேவையில்லை என்றாலும், குனிந்து ஒவ்வொரு குழியாகத் தொட்டுப் பார்த்தேன்.

ஒரு புஸ்வாணம்

அந்தக் கிணற்றில் மேலும் பத்துப் பதினைந்து நாள் இருந்தேன். சுவருக்குக் கல் கட்டிய பிறகுதான் சுரங்கத்துக்குள் யாரையும் விட்டார் மேஸ்திரி. என்னைக் கல்லுப்பொறுக்கி என்று கூப்பிடுவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் புதிதாகச் சுவர் வெட்டும்போதெல்லாம், "ஏலே, வந்து வானம் எங்கன இருக்குன்னு பாத்துட்டுப் போ" என்பார். பார்த்துவிட்டுச் சொல்வேன். அதற்குப் பிறகும் ஒரு முறை கடப்பாறையால் தட்டிக் கேட்டுக்கொள்வார். இரண்டு சாட்சி.

வேலை முடிவதற்கு முன்பே எனக்கு ஊர் மாறக் கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. ஒரு விடிகாலை கிளம்பினேன். ஊர் எல்லையில் கம்பெனிக்குப் போகிற பெண்களோடு சீனியம்மாள் வந்துகொண்டிருந்தாள். என் தகரப்பெட்டியைப் பார்த்ததும் நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தாள். ஒற்றைப் புஸ்வாணம்.

"நாம் போட்டது. கம்பெனியில சொல்லி வாங்குனதுதான்" என்றாள். "கூரு மேல இருக்கணும். கல்லு பாக்குற ஆளு, இத மாத்தி வச்சுக் கொளுத்திறாதீக."

கூட வந்த பெண்கள் சிரித்தபடி நடந்தார்கள்.

அதைக் கற்களோடு பெட்டிக்குள் வைத்திருந்தேன். பல மாதம் அது என்னோடு அலைந்தது. லாரிக் கூரைகளில் வெயில் காய்ந்தது, ஒரு சத்திரத்தில் ஒழுகலில் நனைந்தது. நமத்துப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். திருநெல்வேலியைத் தாண்டி, எந்த ஊர் என்று மறந்துபோன ஒரு வறண்ட ஆற்று மணலில், பொழுது சாய்கிற நேரத்தில் எடுத்து வைத்தேன். தனியாகத்தான் இருந்தேன். கூர் மேலே இருக்கிறதா என்று, தெரிந்திருந்தும், இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

முதலில் புகைந்தது. போச்சு என்று திரும்பினேன். அப்போது சீறிக்கொண்டு எழுந்து, என் தலைக்கு மேல் ஒன்றரை ஆள் உயரம் வெள்ளியாக நின்றது. அவள் அடைத்தது ஒரு பொட்டுக்கூட வீணாகவில்லை.